பச்சை விளக்கு எரிந்தால் குடிக்கலாமா?

பொறியியல் கல்லூரிக் கண்காட்சிகளை நீங்கள் பார்த்திருப்பீர்கள். நீண்ட கூடம், வரிசையாக மேசைகள், ஒவ்வொரு மேசைக்குப் பின்னாலும் மூன்று நான்கு மாணவர்கள். ஒரு மேசையில் தானாக நகரும் வண்டி. இன்னொன்றில் கைதட்டினால் எரியும் விளக்கு. இப்படிப்பட்ட கூடங்களில் கடந்த சில ஆண்டுகளாகத் தவறாமல் இடம் பிடிக்கும் பொருள் ஒன்று உண்டு. அதுதான் கையில் எடுத்துச் செல்லக்கூடிய திரவ உணரி. தண்ணீரில் முனையை நனைத்தால் அந்தத் தண்ணீர் நல்லதா கெட்டதா என்று விளக்கெரித்துச் சொல்லும் பெட்டி அது.

நெல்லைச் சீமையில் ஒரு கல்லூரிக் கண்காட்சியில் இத்தகைய பெட்டி ஒன்றை அண்மையில் கண்டேன். கல்லூரியின் பெயர் நமக்கு வேண்டியதில்லை. இங்கே நான் சொல்லப்போகும் குறை அந்த ஒரு மேசைக்கு மட்டும் உரியதன்று. உங்கள் ஊர்க் கல்லூரியிலும் இதே பெட்டி வேறு நிறத்தில் இருக்கக்கூடும்.

முதலில் பெட்டியைப் பார்த்துவிடுவோம். சாப்பாட்டு டப்பா அளவுள்ள பிளாஸ்டிக் பெட்டி. உள்ளே அர்டுயினோ என்னும் சிறு கணிப்பொறிப் பலகை, ஒன்பது வோல்ட் மின்கலம், சில மின்தடைகள். மேலே இரண்டு வரி எழுத்துக் காட்டும் திரை. அதன் அருகே பச்சை, மஞ்சள், சிவப்பு என மூன்று விளக்குகள். பெட்டியிலிருந்து இரண்டு கம்பிகள் வெளிவருகின்றன. ஒன்றின் நுனியில் மாணவர்களே செய்த உணரிமுனை. தீர்ந்துபோன பேனாவின் கூட்டுக்குள் இரண்டு பித்தளைத் திருகாணிகளை ஒன்றையொன்று தொடாமல் பதித்து, சுற்றிலும் பசையிட்டு அடைத்திருந்தார்கள். மற்றொன்றின் நுனியில் கடையில் வாங்கிய கலங்கல் உணரி.

மேசைமேல் நான்கு கண்ணாடித் தம்ளர்கள். மாணவர்களில் ஒருவர் சேரன்மகாதேவிக்காரர். அவர் தம் ஊரிலிருந்தே நீர் கொண்டு வந்திருந்தார். தாமிரபரணிப் படித்துறையில் எடுத்தது ஒன்று, கன்னடியன் கால்வாயில் எடுத்தது ஒன்று, தெருக் கிணற்றில் இறைத்தது ஒன்று. நான்காவது தம்ளரில் கடையில் விற்கும் புட்டி நீர். ஒவ்வொன்றிலும் முனையை நனைத்துக் காட்டினார்கள். புட்டி நீருக்குப் பச்சை, ஆற்று நீருக்குப் பச்சை, கால்வாய் நீருக்கு மஞ்சள். கிணற்று நீருக்குச் சிவப்பு எரிந்தது. கூடவே ஒரு மணியும் கீச்சென்று ஒலித்தது.

பேரனின் கல்லூரியைப் பார்க்க வந்திருந்த மூதாட்டி ஒருவர் அங்கே நின்றுகொண்டிருந்தார். அவரும் சேரன்மகாதேவிதான்.

"ஏ தம்பி, இது எங்க தெருக் கெணத்துத் தண்ணிதான? அதுக்கு எதுக்குச் செவப்பு எரியுது?"

"உப்பு கூடுதல் ஆச்சி. குடிக்கக் கூடாது."

"அப்பம் எதைத்தான் குடிக்க?"

"ஆத்துத் தண்ணிக்குப் பச்சை எரியுதுல்லா, அதைக் குடிங்க."

ஆச்சி தலையாட்டிக்கொண்டு அடுத்த மேசைக்கு நகர்ந்தார். இந்தக் கட்டுரையை நான் எழுதக் காரணம் அந்தத் தலையாட்டல்தான்.

அந்த மாணவர்களை நான் குறைத்து மதிப்பிடவில்லை. உணரிமுனையைக் கடையில் வாங்காமல் தம் கையால் செய்தவர்கள் அந்தக் கூடத்திலேயே அவர்கள் மட்டும்தான் என்று நினைக்கிறேன். நீரைக் குழாயில் பிடிக்காமல் ஊரிலிருந்து சுமந்து வந்ததும் பாராட்டுக்குரியதே. பெட்டி கைக்கு அடக்கம், விலை மலிவு, சொன்னபடி இயங்குகிறது. குறை, அது என்ன சொல்கிறது என்பதில் இருக்கிறது.

அந்தப் பெட்டி உண்மையில் எதை அளக்கிறது? திரையில் 'மொத்தம் கரைந்துள்ள திடப்பொருள்' என்று வருகிறது. அலகு லிட்டருக்கு மில்லிகிராம். ஆனால் பெட்டி எதையும் எடை போடவில்லை. இரண்டு திருகாணிகளுக்கு இடையே சிறிது மின்னழுத்தம் தந்து, நீர் வழியே எவ்வளவு மின்னோட்டம் செல்கிறது என்று பார்க்கிறது, அவ்வளவுதான். சாதாரண உப்பு நீரில் கரையும்போது சோடியம், குளோரைடு என்னும் மின்னூட்டமுள்ள துகள்களாகப் பிரிகிறது. இவை அயனிகள் எனப்படும் என்று பள்ளியில் படித்திருப்பீர்கள். அயனிகள் மின்சாரத்தைச் சுமக்கின்றன. அயனி மிகுந்தால் மின்னோட்டமும் மிகும். இதற்கு மின்கடத்துதிறன் என்று பெயர். இந்த மின்கடத்துதிறனை 0.5 முதல் 0.7 வரையிலான ஏதோ ஓர் எண்ணால் பெருக்கித்தான் 'திடப்பொருள்' என்று திரையில் காட்டுகிறார்கள். எந்த எண்ணால் பெருக்குவது என்பது நீரில் எந்த உப்பு இருக்கிறது என்பதைப் பொறுத்தது. அதைப் பெட்டி அறியாது. ஆகவே திரையில் வரும் எண் அளந்து கண்டதன்று, ஊகித்ததே.

இதை நம்பாதவர்கள் வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். நான் அந்த மேசையருகிலேயே சோதித்தேன். கூடத்துக்கு வெளியே இருந்த தேநீர்க் கடையில் இரண்டு கரண்டி சீனி வாங்கி வந்து, பச்சை எரிந்த புட்டி நீரில் போட்டுக் கலக்கச் சொன்னேன். மாணவர்கள் சிரித்துக்கொண்டே கலக்கினார்கள். முனையை நனைத்தார்கள். மீண்டும் பச்சை! எண்ணும் அசையவில்லை. சற்றே கணக்கிட்டுப் பாருங்கள். இரண்டு கரண்டி என்பது ஏறத்தாழ 10 கிராம். தம்ளரில் 200 மில்லி லிட்டர் நீர். அப்படியானால் லிட்டருக்கு 50,000 மில்லிகிராம் கரைந்திருக்கிறது. சிவப்பு எரிவதற்கு மாணவர்கள் வைத்திருந்த எல்லை 500. நூறு மடங்கு கரைந்திருந்தும் 'மொத்தம் கரைந்துள்ள திடப்பொருள்' என்று பெயர் வைத்த பெட்டிக்கு அது தெரியவில்லை. காரணம் எளிது. சீனி கரையுமே தவிர அயனியாகப் பிரியாது. ஆனால் அதே தம்ளர் நல்ல நீரில் 0.1 கிராம் உப்பை, அதாவது ஒரு சிட்டிகைக்கும் குறைவாக, போட்டால் எல்லை எட்டிவிடும்.

சீனி விளையாட்டு என்று விடுவோம். நோய்க் கிருமிகள் விளையாட்டல்ல. மலத்தால் மாசுபட்ட நீரைக் காட்டிக்கொடுக்கும் அடையாளமாக ஈ.கோலை என்னும் நுண்ணுயிரைக் கொள்கிறார்கள். அதன் நீளம் ஒரு மில்லிமீட்டரில் ஐந்நூறில் ஒரு பங்கு. எடை, ஒரு கிராமை ஒரு லட்சம் கோடிப் பங்கிட்டால் அதில் ஏறத்தாழ ஒரு பங்கு. ஒரு லிட்டர் நீரில் இவை பத்து லட்சம் நீந்துவதாக வைத்துக்கொள்ளுங்கள். எல்லாம் சேர்ந்தாலும் எடை ஒரு மில்லிகிராமில் ஆயிரத்தில் ஒரு பங்கே. பெட்டியின் திரையோ ஒரு மில்லிகிராமுக்குக் கீழ் எதையும் காட்டாது. அயனியாகப் பிரியாத உயிருள்ள செல்லை இந்த முறையால் எண்ணவும் இயலாது. குடிநீருக்கான இந்தியத் தரநிர்ணயம் ஐ.எஸ்.10500, 2012-ஆம் ஆண்டுப் பதிப்பு, 100 மில்லி லிட்டர் மாதிரியில் ஒரே ஓர் ஈ.கோலையும் தென்படக்கூடாது என்கிறது. பத்து லட்சத்தையே காணாத கண், ஒன்றைக் காணுமா?

இனி ஆற்று நீருக்குப் பச்சையும் கிணற்று நீருக்குச் சிவப்பும் ஏன் எரிந்தன என்று பார்ப்போம். தாமிரபரணி பொதிகை மலையில் பிறந்து ஏறத்தாழ 125 கிலோமீட்டர் ஓடிப் புன்னைக்காயல் அருகே கடலில் சேர்கிறது. மலையில் பெய்த மழை, கடினப் பாறைகளின்மேல் விரைந்து வழிந்து வருகிறது. அது உப்பைக் கரைத்துக்கொள்ள நேரமில்லை. கிணற்று நீரின் கதை வேறு. மழை நீர் மண்ணில் இறங்கி, பாறை வெடிப்புகளில் மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில் தங்கி, கால்சியம், மக்னீசியம் முதலியவற்றைக் கரைத்து எடுத்துக்கொள்கிறது. அந்த நீர் பாறையோடு எவ்வளவு காலம் பழகியிருக்கிறது என்பதைத்தான் பெட்டியின் விளக்கு சொல்லிற்று. மனிதர்களோடும் மாடுகளோடும் எவ்வளவு பழகியிருக்கிறது என்பதை அது சொல்லவில்லை. சேரன்மகாதேவியை அடையுமுன் ஆறு பாபநாசத்தையும் அம்பாசமுத்திரத்தையும் கல்லிடைக்குறிச்சியையும் தாண்டி வருகிறது. படித்துறைதோறும் குளிப்பவர்கள், துவைப்பவர்கள், மாடு கழுவுபவர்கள். பாபநாசத்தில் நீராடி உடுத்திய துணியை ஆற்றிலேயே விட்டுச் செல்லும் வழக்கம் வேறு. ஊர்ச் சாக்கடைகள் ஆற்றில் கலப்பது பற்றி மதுரை உயர் நீதிமன்றக் கிளையில் வழக்குகள் நடந்திருக்கின்றன. இவற்றில் எதுவும் மின்கடத்துதிறனைப் பெரிதாக உயர்த்திவிடாது. ஓடும் நீரில் அவ்வளவு எளிதாகக் கலந்து மறைந்துவிடும்.

சிவப்பு எரிந்ததும் சரிதானா? 500 மில்லிகிராம் என்பது அதே தரநிர்ணயத்தில் 'ஏற்கத்தக்க எல்லை'. வேறு நீராதாரம் இல்லாத இடத்தில் 2000 வரை அனுமதிக்கலாம் என்று பக்கத்துப் பத்தியிலேயே எழுதியிருக்கிறது. மாணவர்கள் முதல் பத்தியை மட்டும் படித்திருக்கிறார்கள். உப்பு மிகுந்தால் சுவை கெடும், பருப்பு வேகாது, பாத்திரத்தில் வெள்ளைப் படிவு படியும். இவை தொல்லைகள்தாம்; ஆனால் காலரா அல்ல. கிணற்று நீரில் அஞ்ச வேண்டியவை வேறு உள்ளன. கழிவுக் குழி பக்கத்தில் இருந்தால் நைட்ரேட்டு சேரலாம். அதற்கு எல்லை 45 மில்லிகிராம். சில பாறைகளிலிருந்து ஃபுளூரைடு வரலாம். எல்லை 1, மிஞ்சிப்போனால் 1.5. கிருமிகளும் கிணற்றில் இறங்கலாம். இவற்றுள் எதையும் இந்தப் பெட்டி தனித்துச் சொல்லாது. ஆகவே அந்த ஆச்சியின் கிணறு நல்லதென்றும் நான் சொல்ல வரவில்லை. பெட்டிக்கு அதைப் பற்றித் தெரியாது என்பதே என் வாதம்.

நீரின் தூய்மையைக் கண்ணாலும் நாக்காலும் அறியலாம் என்று நம்பிய காலத்தின் கதை ஒன்று உங்களுக்குத் தெரிந்திருக்கும். 1854-இல் லண்டனில் பிராட் தெரு அடிகுழாய் நீரால் காலரா பரவியதை ஜான் ஸ்நோ என்ற மருத்துவர் கண்டறிந்தார். அந்தத் தெருவை விட்டு விலகித் தொலைவிலிருந்த ஹாம்ப்ஸ்டெட் பகுதியில் வாழ்ந்த மாது ஒருவர், அந்தக் குழாய் நீரின் சுவை பிடித்துப்போய் நாள்தோறும் வண்டியில் வரவழைத்துக் குடித்தார். காலராவில் மாண்டார். நாக்கு ஏமாந்த இடத்தில் இன்று விளக்கு ஏமாறுகிறது. நாக்கை நாம் ஓரளவு சந்தேகிப்போம், விளக்கைச் சந்தேகிப்பதில்லை.

இந்த நம்பிக்கையை வளர்த்ததில் இன்னொருவருக்கும் பங்குண்டு. அவர் நீர் சுத்திகரிப்புக் கருவி விற்க வீடு தேடி வரும் விற்பனையாளர். அவர் பையிலும் ஒரு 'திரவ உணரி' இருக்கும். உங்கள் வீட்டு நீர் ஒரு தம்ளரில், அவர் கருவி வடித்த நீர் ஒரு தம்ளரில். இரண்டிலும் இரண்டிரண்டு உலோகத் தண்டுகளை இறக்கி மின்சாரம் பாய்ச்சுவார். சிறிது நேரத்தில் உங்கள் நீர் செம்மண் குழம்புபோல் ஆகிவிடும். அவருடைய நீர் தெளிவாக இருக்கும். "பார்த்தீர்களா அம்மா, இதைத்தான் குழந்தைகளுக்குக் கொடுக்கிறீர்கள்!" என்பார். அந்தக் குழம்பு உங்கள் நீரில் இருந்த அழுக்கே அல்ல. தண்டுகளில் ஒன்று இரும்பு. மின்சாரம் பாய்ந்ததும் அந்த இரும்பு கரைந்து துருவாகப் படிகிறது. உப்பு நீக்கிய நீரில் மின்சாரம் பாயாததால் துரு வரவில்லை. இவ்வளவுதான் வித்தை. 2019-ஆம் ஆண்டு மே மாதத்தில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம், கரைந்த திடப்பொருள் 500 மில்லிகிராமுக்குக் குறைவாக உள்ள இடங்களில் எதிர்ச் சவ்வூடு பரவல் கருவிகளைத் தடை செய்ய வேண்டும் என்று உத்தரவிட்டது. அக்கருவி நீரில் ஒரு பகுதியைக் கழிவாக வெளியேற்றி வீணாக்குகிறது என்பது முக்கியக் காரணம்.

நம் மாணவர்கள் விற்பனையாளர்கள் அல்லர். ஆனால் அவர்களுடைய பித்தளைத் திருகாணிகளில் அதே வித்தை சிறு அளவில் நடந்துகொண்டுதான் இருந்தது. அவர்கள் முனைக்குத் தந்தது ஐந்து வோல்ட் நேர்திசை மின்னோட்டம். சற்று உற்றுப் பார்த்தால் ஒரு திருகாணியில் நுண்ணிய குமிழ்கள் பூப்பதைக் காணலாம். அது ஹைடிரஜன். மற்றொன்றில் பித்தளையின் செம்பும் துத்தநாகமும் சிறிது சிறிதாக நீரில் கரைகின்றன. தான் அளக்கும் நீரைத் தானே கெடுக்கும் கருவி! குமிழும் படிவும் திருகாணியின் முகத்தை மூடுவதால் மின்னோட்டம் குறையும். ஆகவே ஒரே தம்ளரில் முனையை வைத்தபடியே இருந்தால் எண் இறங்கிக்கொண்டே போகும். நான் பார்த்துக்கொண்டிருந்தபோதே இறங்கிற்று. "நிலைக்க நேரம் எடுக்கும் சார்" என்றார் ஒரு மாணவர். அது நிலைக்கவே நிலைக்காது.

இந்தத் தொல்லையைப் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே ஒருவர் தீர்த்துவிட்டார். ஜெர்மானிய இயற்பியலறிஞர் ஃபிரீட்ரிக் கோல்ராஷ் 1869-ஆம் ஆண்டையொட்டி, உப்புக் கரைசல்களின் மின்தடையை அளக்க மாறுதிசை மின்னோட்டத்தைப் பயன்படுத்தினார். மின்னோட்டத்தின் திசை நொடிக்குப் பலமுறை மாறினால், ஒரு திசையில் சேர்ந்தது மறு திசையில் கலைந்துவிடும். குமிழ் சேர நேரமிராது. மின்னோட்டம் சமநிலைக்கு வந்ததை அறிய அவர் பிற்பாடு தொலைபேசியின் கேள்குழலையே பயன்படுத்தினார். கேட்கும் ஒலி அடங்கினால் சமநிலை! நம் மாணவர்களுக்குக் கேள்குழலும் வேண்டாம். அர்டுயினோவின் இரண்டு முனைகளை மாற்றி மாற்றி உயர்த்தித் தாழ்த்த நிரலில் சில வரிகள் எழுதினால் போதும். நொடிக்குச் சில நூறு முறை திசை மாறும். பித்தளைக்குப் பதில் துருப்பிடிக்காத எஃகு அல்லது பென்சில் கரியை வைக்கலாம். செலவு ஏறக்குறைய ஒன்றுமில்லை.

வெப்பநிலையையும் அவர்கள் மறந்துவிட்டார்கள். நீர் ஒரு பாகை செல்சியஸ் சூடேறினால் மின்கடத்துதிறன் ஏறத்தாழ 2 சதவீதம் உயரும். விடியற்காலை ஆற்றில் மொண்ட நீருக்கும் மொட்டை மாடித் தொட்டியில் நெல்லை வெயில் குடித்த நீருக்கும் 10 பாகை வேறுபாடு சர்வ சாதாரணம். ஒரே நீரை இரண்டு வேளையில் அளந்தால் எண் 20 சதவீதம் மாறிவிடும். எல்லைக்கோட்டில் நிற்கும் நீர், காலையில் பச்சையும் பிற்பகலில் சிவப்பும் காட்டும்.

பின்னால் தொங்கிய விளக்கப் படத்தில் 'துல்லியம் 98 சதவீதம்' என்று கொட்டை எழுத்தில் எழுதியிருந்தது. எதனோடு ஒப்பிட்டு? என்று கேட்டேன். கடையில் வாங்கிய பேனா வடிவ மீட்டர் ஒன்றோடு. அந்தப் பேனாவை எதனோடு ஒப்பிட்டார்கள்? பதில் இல்லை. இது நம் மாணவர் திட்ட அறிக்கைகளில் ஊறிப்போன நோய். அளவுத்திருத்தம் என்று ஒரு சொல் இருக்கிறது. அதற்கு ஒரு முறையும் இருக்கிறது. பொட்டாசியம் குளோரைடு 0.745 கிராம் எடுத்து, வாலைவடிநீரில் கரைத்து ஒரு லிட்டராக்குங்கள். 25 பாகை வெப்பநிலையில் அதன் மின்கடத்துதிறன் சென்டிமீட்டருக்கு 1413 மைக்ரோசீமன்ஸ். உலகில் எங்கு செய்தாலும் இதே எண்தான். எந்தக் கல்லூரியின் வேதியியல் கூடத்திலும் இந்த உப்பும் தராசும் உண்டு. வேதியியல் துறை பக்கத்துக் கட்டடத்தில் இருப்பதுதான் மின்னணுவியல் மாணவர்களுக்குத் தடையோ என்னவோ!

கலங்கல் உணரியைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கடையில் மலிவாகக் கிடைக்கும் இந்த உணரி, துணி துவைக்கும் இயந்திரம் போன்றவற்றில் அழுக்கு நீரை அறிவதற்கானது. ஒரு பக்கத்திலிருந்து கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளி. மறு பக்கத்தில் எவ்வளவு வந்து சேர்கிறது என்று பார்க்கும் ஏற்பி. சேற்று நீரை நன்றாகவே காட்டும். குடிநீருக்கு வேண்டிய 1 முதல் 5 என்.டி.யு. என்னும் மெல்லிய கலங்கலைப் பிரித்தறிவது அதனால் ஆகாது. இதைவிட எளிய வழி நூறாண்டுக்கு முன்பே இருந்தது. நீண்ட கண்ணாடிக் குழாயின் அடியில் மெழுகுவர்த்தியை வைத்து, சுடரின் உருவம் மறையும்வரை நீரை ஊற்றி, உயரத்தை அளந்தார்கள். மெழுகுவர்த்திக்குப் பதில் அடியில் ஒரு கறுப்புச் சிலுவைக் குறி போட்டு நீங்களும் செய்யலாம். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் கொட்டிய மழையில் தாமிரபரணி செம்பழுப்பாகப் பெருகி வந்ததே, அப்போது இது உதவியிருக்கும். ஆனால் வெள்ளம் வடிந்து நீர் தெளிந்த பின்பு? கலங்கல் அடியில் தங்கிவிட்டது. கரையோரக் கழிவுக் குழிகளை வெள்ளம் கழுவிச் சென்றதன் விளைவு தங்கிவிட்டதா, போய்விட்டதா என்று தெளிவு சொல்லாது.

ஒரே எண்ணால் ஒரு திரவத்தை அறிந்துவிட முடியாது என்பது நம் ஊர்ப் பால்காரருக்குத் தெரியும். பால்மானி என்பதும் கையில் எடுத்துச் செல்லும் திரவ உணரிதான். பாலின் அடர்த்தியை அளப்பது. தண்ணீர் சேர்த்தால் அடர்த்தி குறையும். வெண்ணெயை எடுத்துவிட்டால் அடர்த்தி கூடும். இரண்டையும் அளவாகச் செய்தால் பால்மானி திருப்தியோடு மிதக்கும். அதனால்தான் பால் கூட்டுறவுச் சங்கங்களில் கொழுப்பையும் தனியே சோதிக்கிறார்கள்.

அப்படியானால் கிருமியை அறிய மலிவான, எடுத்துச் செல்லக்கூடிய வழியே இல்லையா என்று நீங்கள் கேட்கலாம். இருக்கிறது; அதுவும் இந்தியாவில் பிறந்தது. குவாலியரில் உள்ள பாதுகாப்பு ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த மஞ்சா, மௌர்யா, ராவ் ஆகிய மூவர் 1982-இல் உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்விதழில் ஒரு முறையை வெளியிட்டார்கள். மின்கலம் இல்லை, திரை இல்லை, விளக்கு இல்லை. ஒரு சிறு புட்டி. உள்ளே பெப்டோன், தயோசல்பேட்டு, இரும்பு உப்பு முதலியவற்றில் தோய்த்து உலர்த்திய காகிதத் துண்டு. கிருமி நீக்கிய அந்தப் புட்டியில் சோதிக்க வேண்டிய நீரைக் குறித்த அளவு ஊற்றி மூடி வைக்க வேண்டும். மலத்தோடு வரும் நுண்ணுயிர்களிற் பல ஹைடிரஜன் சல்ஃபைடு வாயுவை உண்டாக்கும். அது இரும்போடு சேர்ந்து கறுப்பாகும். 30 முதல் 37 பாகை வெப்பத்தில் 12 முதல் 18 மணி நேரத்துக்குள் நீர் கறுத்தால் மாசு உண்டு என்று கொள்ளலாம். குளிர்நாட்டில் இதற்குச் சூடேற்றும் பெட்டி வேண்டும். நம் திருநெல்வேலியில் பெரும்பாலான மாதங்களில் சமையலறை அலமாரியே போதும். இதற்கும் குறை உண்டு. இயற்கையாகவே சல்ஃபைடு கலந்த நிலத்தடி நீர் பொய்யாகக் கறுக்கும். கறுக்கவில்லை என்பதற்காக நைட்ரேட்டு இல்லை என்றாகிவிடாது. சோதனை முடிந்ததும் புட்டியில் கிருமிகள் பெருகியிருக்கும். சலவைத்தூள் கரைசல் ஊற்றி வைத்திருந்துதான் கொட்ட வேண்டும். ஆனாலும் ஆச்சி கேட்ட கேள்விக்கு அருகில் வரும் சோதனை இதுதான்.

இதைச் சொன்னபோது ஒரு மாணவர் நியாயமான கேள்வி ஒன்றைக் கேட்டார். "பதினெட்டு மணி நேரம் காத்திருந்தால் கண்காட்சி முடிந்துவிடுமே சார்?" உண்மைதான். கண்காட்சிக்கு உடனே எரியும் விளக்கு வேண்டும். நடுவர் ஒரு மேசையில் ஐந்து நிமிடம் நிற்பார். அதற்குள் ஏதாவது ஒளிர வேண்டும், ஒலிக்க வேண்டும். மாணவர்களைக் குறை சொல்வதற்கு முன் நடுவர்களைச் சொல்ல வேண்டும். முந்திய நாள் மாலையே புட்டிகளில் ஊற்றி வைத்து, காலையில் கறுத்ததையும் கறுக்காததையும் அருகருகே வைக்கலாமே என்றேன். பக்கத்திலேயே பெட்டியும் இருக்கட்டும். பச்சை எரியும் தம்ளரும் கறுத்த புட்டியும் ஒரே ஆற்று நீராக இருந்தால், அந்த மேசையைவிட்டு யாரும் எளிதில் நகரமாட்டார்கள்.

பெட்டியைத் தூக்கி எறியவும் வேண்டாம். உப்பை அளக்கும் கருவிக்கு உப்பைப் பற்றிய கேள்வியைக் கொடுத்தால் அது நன்றாகவே பதில் சொல்லும். தாமிரபரணியில் கோடைமேலழகியான், நதியுண்ணி, கன்னடியன், அரியநாயகிபுரம், பழவூர், சுத்தமல்லி, மருதூர், ஸ்ரீவைகுண்டம் என்று எட்டு அணைக்கட்டுகள் உள்ளன. பாபநாசத்தில் தொடங்கிப் புன்னைக்காயல் வரை ஒவ்வோர் அணைக்கட்டிலும் நின்று, வெப்பநிலையோடு சேர்த்து மின்கடத்துதிறனைக் குறித்து வந்தால், நதியின் உப்புக் கணக்கு ஒன்று கிடைக்கும். எந்த இடத்தில் எண் திடீரென்று தாவுகிறதோ அங்கே ஏதோ கலக்கிறது என்று ஐயுறலாம். கடல்நீர் எவ்வளவு தூரம் உள்ளே ஏறி வருகிறது என்று கோடையிலும் மழையிலும் ஒப்பிடலாம். கன்னடியன் கால்வாயில் பாயும் நீருக்கும், வயலிலிருந்து வடியும் நீருக்கும் என்ன வேறுபாடு என்று பத்தமடை, மேலச்செவல் விவசாயிகளுக்குக் காட்டலாம். பயிருக்கு உப்பு முக்கியமான செய்தி. அவ்வளவுக்கும் அந்தப் பேனாக்கூட்டு முனையே போதும். விளக்குகள் மூன்றையும் கழற்றிவிட்டு, திரையில் 'குடிக்கலாம்' என்ற சொல்லை எடுத்துவிட்டு, 'மின்கடத்துதிறன்' என்று உள்ளதை உள்ளபடி எழுத வேண்டும். கீழே இரண்டாவது வரி காலியாகத்தானே கிடக்கிறது? 'கிருமி அறியாது' என்று அதில் எழுதலாம்.

மாணவர்கள் கோபித்துக்கொள்ளவில்லை. ஒருவர் பொட்டாசியம் குளோரைடின் அளவைக் கையில் எழுதிக்கொண்டார். இன்னொருவர் மின்கலத்தைக் கழற்றிவிட்டு நிரலைத் திருத்த அப்போதே உட்கார்ந்துவிட்டார். சேரன்மகாதேவி மாணவர் மட்டும் சீனி கரைந்த தம்ளரைப் பார்த்தபடி சற்று நேரம் நின்றார். பிறகு, "அந்த ஆச்சி எங்க சார்? அவங்ககிட்டச் சொல்லணும்லா?" என்று கூட்டத்துக்குள் தேடிக்கொண்டு போனார்.

நானும் வாசல்வரை போய்ப் பார்த்தேன். ஆச்சி அதற்குள் பேரனோடு ஊர்ப் பஸ்ஸில் ஏறிப் போயிருந்தார்.